அந்தியானா அம்மா பழைய லயத்துக்கு எறங்கிடுறாங்க, என்ன செய்யலாம்?

கெசல்கமு ஓயா
ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். இங்க ரொம்ப நாளா வாசிச்சிட்டு மட்டும் போற ஆள் நான். எழுதுறது இதான் மொதல் தடவ. கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க.

எங்க தேயிலைத் தோட்டம் மலையகத்துல, நோர்வூட்டுக்கும் பொகவந்தலாவைக்கும் நடுவுல. அம்மாவுக்கு 61 வயசு. போன வருசம் வரைக்கும் கொழுந்து மலைக்குப் போனவங்க. ஈ.பி.எஃப். சேமலாபக் காசு, சர்வீஸ் காசு எல்லாம் எடுத்தாச்சு. அப்பா தவறி எட்டு வருசம். அக்கா குவைத்துல வீட்டு வேலை. நான் கொழும்புல, வெள்ளவத்தையில ஒரு புடவைக் கடையில கணக்குப் பாக்குறேன். மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கெழமதான் வீட்டுக்கு வர முடியும். அதுலயும் பாதி நாள் பஸ்ஸுல போயிடும்.

ரெண்டு வருசத்துக்கு முன்ன எங்களுக்குத் தனி வீடு கெடச்சிச்சு. இந்தியா உதவியில கட்டின இந்தியன் வீடுன்னு சொல்லுவாங்களே, அது. மோடி 2017ல நோர்வூட்டுக்கு வந்து இன்னும் 10,000 வீடுன்னு சொன்னப்ப அம்மாவும் மழையோட மழையா அந்தக் கூட்டத்துல நின்னவங்கதான். ஏழு பேர்ச் காணி, 550 சதுர அடி, ரெண்டு ரூம், ஹோல், குசினி, உள்ளுக்கே டொய்லட். லயத்துல, வரிசையா ஒட்டிக் கட்டின ஒத்த அறை வீட்டுல, பத்துக்குப் பன்னெண்டு காம்பராவுல அஞ்சு பேர் படுத்து எழும்பின எங்களுக்கு இது அரண்மனை. நானும் அக்காவும் சேந்து செட்டி வாங்கிப் போட்டோம். டிஷ் வச்ச டீவி. அம்மாவுக்கு நல்ல போன் ஒன்னு. சீசன் காலத்துல முன்வாசல்ல நின்னா தூரத்துல சிவனொளிபாத மலையில லைட்டு வரிசையாத் தெரியும். அதுக்காகவே வாசல்ல ஒரு பெஞ்சு போட்டுக் குடுத்தேன்.

அம்மா எல்லாத்தையும் பாத்துட்டு "நல்லாத்தான் இருக்கு"ன்னு சொன்னாங்க. பொண்ணு பாக்கப் போன வீட்டுல பலகாரத்தச் சொல்ற மாதிரி.

இப்ப பிரச்சின என்னன்னா, அந்தி நாலரையானா கதவப் பூட்டிட்டு பழைய லயத்துக்கு எறங்கிடுறாங்க. குறுக்குப் பாதையில போனா இருவது நிமிசம். எட்டுக் காம்பராவுல நாலு குடும்பம்தான் இப்ப அங்க மிச்சம். மூணாம் காம்பரா பெரியம்மா வீட்டு இஸ்தோப்புல, முன் திண்ணையில, போய் உக்காந்துட்டு, இருட்டினதுக்கப்புறம் டோர்ச் அடிச்சுக்கிட்டு ஏறி வாராங்க. முழங்கால் வலி வேற. அட்டைக்கடியச் சொல்லல, அது நமக்குப் புதுசு இல்ல. போன மாசம் பக்கத்து டிவிசன்ல (தோட்டத்துப் பிரிவுல) சிறுத்தை ஒரு நாயத் தூக்கிடுச்சு. எனக்கு இங்க ராத்திரி தூக்கம் வர்றதில்ல.

போன்ல பேசலாம்னா அதுவும் ஒழுங்கா இல்ல. நேத்துப் பேசினத அப்படியே எழுதுறேன்:

"சாப்டியாம்மா?"
"சாப்ட்டேன். நீ?"
"சாப்ட்டேன். அங்க மழையா?"
"மழதான். சரி வைக்கிறேன், காசு ஓடும்."

நாப்பது செக்கன். பெக்கேஜ் போட்டுருக்கேன், எவ்வளவு பேசினாலும் காசு இல்லன்னு நூறு தடவ சொல்லிட்டேன். கேக்குறதாத் தெரியல. அக்கா குவைத்துல இருந்து வீடியோ கோல் எடுத்தா போனக் காதுல வச்சுக்கிறாங்க. அக்காவுக்கு அம்மாவோட காதும் கம்மலும்தான் தெரியுது.

உங்க வீட்டுல வயசானவங்க எப்படி நேரம் போக்குறாங்க? அம்மாவ எப்படி வீட்டுல இருக்க வைக்கிறது? போன் பழக்க வழி இருந்தாச் சொல்லுங்க.

ஹப்புத்தளைப் பனி
ஞாயிறு, இரவு 10.15

அக்கா, எங்க அப்பாயிக்கும் இதே கததான். ரெண்டு விசயம் சொல்றேன்.

ஒன்னு, சிக்னல். புது வீடெல்லாம் பள்ளத்துல கட்டியிருந்தா உள்ளுக்கு சிக்னல் வராது. பேச்சு வெட்டி வெட்டி வந்தா வயசானவங்க "கேக்கல"ன்னு சொல்ல வெக்கப்பட்டு வச்சிடுவாங்க. கொரோனா நேரம் ஒன்லைன் கிளாசுக்கு நாங்க எல்லாரும் மலை உச்சியில சவுக்கு மரத்தடியில கொடையப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தது மறந்துட்டீங்களா? வீட்டுல எந்த மூலையில கோடு நெறையத் தெரியுதுன்னு பாத்து அங்க ஒரு கதிரையப் போடுங்க.

ரெண்டு, போன்ல பேர் எழுதி சேவ் பண்ணாதீங்க. போட்டோ போடுங்க. எங்க அப்பாயி போட்டோவத் தொட்டுத்தான் கோல் எடுப்பாங்க. என்ன, சாமி படத்தத் தொடுற மாதிரி ரெண்டு கையாலயும் தொடுவாங்க. அதனால சில நேரம் ரெண்டு பேருக்குக் கோல் போயிடும்.

சீரியல் பழக்கிவிடுங்க. சீரியல் பாத்தா எங்கயும் போக மாட்டாங்க.

வெள்ளிக்கிழமை விரதம்
திங்கள், காலை 6.20

சீரியல் பழக்குறதாம்! தம்பி, நீங்க அப்பாயியப் பூட்டி வைக்க வழி சொல்றீங்களா, நேரம் போக்க வழி சொல்றீங்களா?

நோர்வூட் மகளே, நான் பதுளைப் பக்கம். எனக்கு 52 வயசு, இப்பவும் மலைக்குப் போற ஆள்தான். காலையில பேர் கூப்புடற பிரட்டுக்குப் போக முன்ன இத எழுதுறேன், பிழை இருந்தாத் திருத்தி வாசிங்க.

ஒங்க அம்மா நாப்பது வருசமா எப்படி இருந்தாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. வெள்ளன நாலு மணிக்கு எழும்பி ரொட்டி சுட்டு, புள்ளைகளப் புள்ளமடுவத்துல விட்டு, மலைக்கு ஏறி, செடி நெறையில ரெண்டு பக்கமும் ஆள் நிக்கப் பேசிக்கிட்டே கொழுந்து எடுத்து, மடுவத்துல நிறுவைக்கு நிக்கிறப்ப பேசி, அந்திக்கு பீலிக்கரையில குடத்த வச்சிட்டுப் பேசி. நம்ம பொம்பளைகளுக்கு ஓய்வு நேரம்னு தனியா ஒன்னு எப்பம்மா இருந்திச்சு? கைக்கு வேல, வாய்க்குப் பேச்சு. ரெண்டும் ஒட்டிப் பொறந்தது. நீங்க இப்ப வேலையப் புடுங்கிட்டு செட்டியில உக்காந்து பேசுங்கன்னு போனக் குடுத்தா அவங்க எதப் பேசுவாங்க? "மழதான்"னு தான் சொல்லுவாங்க.

என் மாமியார் கதையச் சொல்றேன். நாங்க தனி வீட்டுக்கு வந்த பொறகு மனுசி ஊமை மாதிரி ஆயிட்டாங்க. சோறு வச்சாத் திங்கிறது, வெயில் வந்தா வெளிய உக்கார்றது. நான் ஒரு நாள் கோவத்துல, "சும்மா உக்காந்திருக்கறதுக்கு ஒரு சீட்டாச்சும் புடிங்க"ன்னு சொல்லிட்டேன். ஒறைக்கணும்னு சொன்னது. மனுசி நெசமாவே சீட்டுப் புடிக்க ஆரம்பிச்சிட்டாங்க!

பதினஞ்சு பேர், மாசம் ரெண்டாயிரம். சம்பளம் 10ஆம் தேதி, மறுநாள் அந்திக்கு வீடு வீடாப் போய்க் காசு எடுக்கறது. அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கணக்கு எப்படின்னு கேக்குறீங்களா? ஒரு பால்மா டின். அதுல பதினஞ்சு பட்டன். பழைய சட்டை, ஜாக்கெட்டுல இருந்து வெட்டினது. ஆளுக்கு ஒரு பட்டன். செவப்புப் பட்டன் மேட்டு லயத்து மருமகள், நாலு ஓட்டப் பட்டன் கோயில் பூசாரி பொஞ்சாதி. காசு குடுத்தவங்க பட்டன் டின்னுக்குள்ள போகும். குடுக்காதவங்க பட்டன் ஜன்னல் கட்டையில காத்துக்கிட்டு இருக்கும். யாரோட பட்டன் ஜன்னல்ல கெடக்குதுன்னு ரோட்டுல போற எல்லாருக்கும் தெரியும்! நாலு வருசத்துல ஒரு ரூவா கொறையல.

சீட்டுக் காசு எடுக்கப் போனா அஞ்சு நிமிச வேல. மனுசி மூணு மணித்தியாலம் கழிச்சுத்தான் வருவாங்க.

போன் பழக்குறத விடுங்க. அம்மாவுக்கு ஒரு வேலையக் குடுங்க, நாலு வீட்டுக் கதவத் தட்டற வேல. மணியாச்சு, போறேன்.

கெசல்கமு ஓயா
திங்கள், பகல் 1.05

அக்கா, பட்டன் கதைய லன்ச் நேரம் கடையில எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினேன். காசாளர் அண்ணா, "நம்ம கம்ப்யூட்டரவிட அது நல்லம்"னு சொல்றாரு.

ஆனா ஒரு சிக்கல். புது வீட்டு வரிசையில இருக்கறவங்க மூணு டிவிசன்ல இருந்து வந்தவங்க. அம்மாவுக்கு முகம் தெரியும், பழக்கம் இல்ல. அவங்களோட சீட்டுப் புடிக்க மாட்டாங்க. பழைய லயத்து ஆளுகளோடதான் புடிப்பாங்க. அப்ப இன்னும் கூட கீழ எறங்குவாங்களே?

மேட்டு லயம் இல்லை
திங்கள், பகல் 2.30

இதை எழுதினால் எல்லோரும் என்மேல் பாய்வீர்கள், பரவாயில்லை. லயத்தை நினைத்து உருகுவதைக் கொஞ்சம் நிறுத்துவோமா?

நான் லயத்தில் பிறந்து, அங்கிருந்தே ஏ.எல். எழுதி, இப்போது ஹட்டனில் ஆசிரியை. நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. முதல் காம்பராவில் இருமினால் எட்டாம் காம்பராவில் தண்ணீர் எடுத்து வைப்பார்கள் என்று பெருமையாகச் சொல்வார்கள். அதே சுவருக்கு மேலாகத்தான் சம்பள நாள் இரவில் தவறணையில் குடித்துவிட்டு வந்தவர்களின் சத்தமும் வரும். நான் கணிதம் படித்தது விடியப்புறம் இரண்டு மணிக்கு, ஊர் அடங்கிய பிறகு. வயதுக்கு வந்த பிறகு உடை மாற்ற ஒரு மறைவில்லை. எந்தப் பிள்ளை யாரோடு பேசியது என்பது அவள் வீட்டுக்கு வருவதற்குள் வீட்டுக்கு வந்துவிடும். அந்த "ஒட்டுறவு" எங்களைப் போன்ற பெண்பிள்ளைகளின் முதுகில்தான் உட்கார்ந்திருந்தது.

தங்கை, உங்கள் அம்மா அங்கே போய் உட்காரட்டும். அது அவர்கள் விருப்பம். ஆனால் அந்த வீட்டுக்கு அம்மாவைக் கூட்டி வந்ததற்காக, செட்டி போட்டதற்காக நீங்கள் குற்றவாளி போல நினைக்கவேண்டாம். பூட்டிக்கொள்ள ஒரு கதவு இருந்தால்தான் திறந்துவிடவும் முடியும்.

பழைய தபால் பை
திங்கள், இரவு 8.50

டீச்சர் சொன்னதில் ஒரு வார்த்தையும் பிழையில்லை. நானும் லயத்துப் பிள்ளைதான், தலவாக்கலைப் பக்கம், ஓய்வுபெற்ற வாத்தியார், வயது 71. இருந்தாலும் மகள் கேட்ட கேள்விக்கு வேறொரு பக்கத்திலிருந்து ஒன்று சொல்லத் தோன்றுகிறது.

எங்க அப்பா தோட்டத்துத் தபால்காரர். காலையில் நடந்து டவுனுக்குப் போய் தபால் பையை எடுத்துக்கொண்டு பகலில் தோட்டத்து ஒபிசுக்கு வருவார். தொழிலாளிக்கு வரும் கடிதமும் முதலில் ஒபிசுக்குத்தான். காம்பராவுக்கு இலக்கம் கிடையாது, பாதைக்குப் பெயர் கிடையாது. விலாசம் என்றால் ஆள் பெயர், தோட்டத்தின் பெயர், டிவிசன், அவ்வளவுதான். ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் நாலு பேரும் பிரித்துப் பார்த்தபிறகுதான் யாருக்கு என்று தெரியும். சில கடிதங்கள் மேசையிலேயே கிடந்துவிடும். எனக்கு வந்த ஒரு நேர்முகப் பரீட்சைக் கடிதம், பரீட்சை முடிந்து ஒன்பதாம் நாள் என் கைக்கு வந்தது. அப்பா தபால்காரராக இருந்தும் அந்தக் கதி. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதலாம்.

நான் சொல்ல வந்தது, கடிதம் வாசிக்கிற வேலையைப் பற்றி.

1964இல் எங்கள் ஆட்களைப் பற்றி இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று ஆளைத் தலையெண்ணிப் பிரித்தார்கள். எங்கள் லயத்திலிருந்து எழுபதுகளில் மூன்று குடும்பம் போனது. ரயில் ஏறி தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். பிறகு கோத்தகிரி, கூடலூர் பக்கம், அங்கேயும் தேயிலைதான். 1984இல் அந்தக் கப்பலும் நின்றுவிட்டது. அதன்பிறகு எங்கள் ஆட்களுக்கு மிச்சம் கடிதம் ஒன்றுதான்.

பள்ளிக்கூடம் போகிற பையன் என்பதால் லயத்துக்கு வரும் கடிதங்களை நான்தான் வாசிப்பேன். வாத்தியாரான பிறகும் விடவில்லை. நீல நிற வான்கடிதம். விளிம்பைக் கிழிக்கும்போது எழுத்துப் பக்கம் கிழிந்துவிடும் என்று ஈர்க்குக் குச்சியால் மெதுவாகப் பிரிப்பேன். அது வரைக்கும் யாரும் பேச மாட்டார்கள். கடிதம் ஒரு வீட்டுக்குத்தான் வந்திருக்கும், இஸ்தோப்பில் பத்துப் பேர் கூடியிருப்பார்கள். "இவ்விடம் யாவரும் நலம், அவ்விடம் நலமறிய ஆவல்" முடிந்து, மாடு கன்று போட்டது, மழை இல்லை, மூத்தவளுக்கு வரன் பார்க்கிறோம் எல்லாம் முடிந்து, கடைசியில் வரும் அந்தப் பகுதி: "மூணாம் காம்பரா அத்தைக்கும், பீலிக்கரைச் சித்திக்கும், மாட்டுப்பட்டி மாமாவுக்கும் ரொம்பக் கேட்டதாகச் சொல்லவும்."

ஒவ்வொரு பெயராக நான் வாசிக்க வாசிக்க, அந்தந்த ஆள் "ம்" என்பார்கள். பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும்போது சொல்கிற மாதிரி. கடல் தாண்டி ஒருத்தர் தன்னைக் கேட்டிருக்கிறார் என்றால் அன்றைக்கு அந்த மனுசருக்கு இரண்டு பேர், அதாவது இரண்டு நாள் கூலி, போட்ட சம்பளம்.

பெயர் விடுபட்டவர்கள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு "அடுப்புல ஒலை கொதிக்குது" என்று எழுந்து போய்விடுவார்கள். ஒரு தடவை ஒரு கிழவி அப்படி எழுந்து போனது எனக்குத் தாங்கவில்லை. அடுத்த கடிதத்திலிருந்து, எழுதாத பெயரையும் நானே சேர்த்து வாசிக்கத் தொடங்கினேன். பதில் எழுதும்போது அந்தக் கிழவி, "என்னையும் மறக்காமக் கேட்டதுக்கு சந்தோசம்னு எழுது தம்பி" என்றது. எழுதினேன். கோத்தகிரியில் அதைப் படித்தவர்கள் என்ன நினைத்தார்களோ! ஆனால் அதற்கடுத்த கடிதத்தில் அந்தப் பெயர் தானாகவே வந்தது.

தந்தி மட்டும் வாசிக்கவே தேவையில்லை. அப்பா பையோடு ஓடி வருவதைக் கண்டாலே அழத் தொடங்கிவிடுவார்கள். வானொலியில் மரண அறிவித்தல் நேரம் வந்தால் இஸ்தோப்பே அமைதியாகிவிடும். கெட்ட செய்தியையும் தனியாகக் கேட்ட பழக்கம் எங்களுக்குக் கிடையாது.

மகளே, உங்க அம்மாவிடம் நீங்கள் தனியாகப் பேசுகிறீர்கள். ஒரு காது, ஒரு போன். அதில் அவர்களுக்குப் பழக்கமில்லை என்று நினைக்கிறேன்.

குவைத்து அக்காவை வாட்ஸ்அப்பில் குரல் பதிந்து அனுப்பச் சொல்லுங்கள். அம்மாவுக்கு மட்டும் என்று பேச வேண்டாம். கடைசியில் லயத்து ஆட்களை ஒவ்வொருத்தராகப் பெயர் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள். அதை அம்மா அந்திக்கு இஸ்தோப்பில் கொண்டுபோய் வைத்துப் போடட்டும். அம்மாவுக்கு போன் பழகவேண்டிய தேவை அப்போது வரும்.

வெள்ளிக்கிழமை விரதம்
திங்கள், இரவு 9.30

சேர், கண்ணக் கலங்க வச்சிட்டீங்க. எனக்கு இப்ப ஞாபகம் வருது, இது புதுசே இல்ல! எங்க சின்னம்மா எண்பதுகள் கடைசியில குவைத்துல இருந்து டேப்புல பேசி அனுப்புவாங்க. கெசட். யாராவது லீவுல வந்தா அவங்க பெட்டியில குடுத்து விடுவாங்க. ஒரு பக்கம் பூரா அழுக, மறு பக்கம் பூரா யாருக்கு என்ன சாமான் அனுப்பியிருக்குன்னு கணக்கு. 1990ல ஈராக் குவைத்துக்குள்ள பூந்த நேரம் கடுதாசியும் இல்ல, டேப்பும் இல்ல. எங்க அம்மாயி பழைய டேப்பையே போட்டுப் போட்டுக் கேட்டு, டேப் செட்டுல நாடா சிக்கிக்கிச்சு. பென்சில விட்டுச் சுத்தி எடுத்தோம்.

அம்மாகிட்ட "வொய்ஸ்"ன்னு சொல்லாதீங்க மகள். "டேப்புல பேசறது"ன்னு சொல்லுங்க. வெளங்கும்.

கெசல்கமு ஓயா
திங்கள், இரவு 11.10

சேர், ஒங்க பதில மூணு தடவ வாசிச்சேன். அக்காவுக்கும் அனுப்பிட்டேன்.

கெசட்னு சொன்னதும் எனக்கு ஒன்னு நெனவு வந்துச்சு, இவ்வளவு நாளா இத யோசிக்கவே இல்ல. அக்கா மொதல்ல வெளிநாடு போன நேரம் எங்ககிட்ட போன் இல்ல. மாசத்துக்கு ஒரு தடவ அம்மா என்னக் கூட்டிக்கிட்டு டவுன்ல கொமினிகேஷனுக்குப் போவாங்க. கண்ணாடிப் பெட்டிக்குள்ள நின்னு பேசணும். மேல மீட்டர்ல செவப்பு நம்பர் ஓடும். அம்மா முந்தானையில காச முடிஞ்சு வச்சிருப்பாங்க. பேசறப்ப அக்கா கொரலக் கேக்குறாங்களா, மீட்டரப் பாக்குறாங்களான்னு தெரியாது. கையில இருக்கற காசு வரைக்கும் நம்பர் வந்ததும், அக்கா பேசிக்கிட்டிருக்கறப்பவே "சரி வைக்கிறேன், காசு ஓடுது"ன்னு வச்சிடுவாங்க. வெளிய வந்து பஸ் ஸ்டேண்ட் வரைக்கும் ஒன்னும் பேச மாட்டாங்க.

நான் என்னடான்னா பெக்கேஜப் பத்திப் பாடம் நடத்திக்கிட்டு இருந்திருக்கேன்.

டீச்சர், நீங்க சொன்னதும் எனக்கு வேணும். நன்றி.

ஹப்புத்தளைப் பனி
செவ்வாய், காலை 7.45

சீரியல் யோசனைய வாபஸ் வாங்கிக்கிறேன், விரதம் அக்கா இனி அடிக்காதீங்க.

ஒரு சின்ன விசயம்: வொய்ஸ் பதியுறப்ப வெரல அமுக்கிப் புடிச்சிக்கிட்டே இருக்கணும். கொழுந்து எடுத்த வெரல்ல தோல் தடிச்சுப் போயிருந்தா ஸ்கிரீன் தொட்டத ஒழுங்காப் புடிக்காது. எங்க அப்பாயிக்கு அதான் பிரச்சின. மைக்கத் தொட்டு மேல தள்ளினா பூட்டிக்கும், பொறகு வெரல எடுத்துடலாம். இல்லன்னா சின்ன வெரலால பழக்குங்க, அது கொஞ்சம் மெதுவா இருக்கும்.

இன்னொன்னு, ஒங்க பக்கம் காமன் கூத்து, மன்மதன் எரிஞ்ச கதைய ஆடுற கூத்து, இருக்கா? மாசியில கம்பம் ஊன்டினதுல இருந்து பௌர்ணமிக்கு எரிக்கிற வரைக்கும் எங்க தோட்டத்துல புது வீட்டு ஆளுக, பழைய லயத்து ஆளுகன்னு பாகுபாடே இல்ல. சாக்கப் போத்திக்கிட்டு எல்லாரும் காமன் பொட்டல்லதான். கொழும்புல இருக்கற பயலுகளும் அந்த நேரம் மட்டும் எப்படியோ லீவு எடுத்துட்டு வந்திடுவானுக. ஒங்க அம்மா புது வரிசை ஆளுகளோட பழக அது ஒரு நல்ல சாட்டு.

கெசல்கமு ஓயா
மூன்று கிழமைக்குப் பிறகு, ஞாயிறு, இரவு 8.20

எல்லாருக்கும் வணக்கம். என்ன நடந்துச்சுன்னு சொல்லாமப் போனா பாவம், அதான் வந்தேன். இப்ப வீட்டுலதான் இருக்கேன். பெஞ்சுல உக்காந்துதான் இத எழுதுறேன், இங்கதான் மூணு கோடு சிக்னல் இருக்கு. தம்பி சொன்னது சரி.

அக்கா மொதல் கெழமையே பேசி அனுப்பிட்டா. ஆறு நிமிசம். மொதல் நாலு நிமிசம் எங்களுக்கு. அப்புறம் "மூணாம் காம்பரா பெரியம்மாவக் கேட்டதாச் சொல்லும்மா, அஞ்சாம் காம்பரா அண்ணனோட கால் புண்ணு ஆறிடுச்சா, கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்து வீட்டுச் சித்தி பேத்திக்கு என்ன பேரு வச்சாங்க"ன்னு ஒவ்வொருத்தராக் கேட்டிருந்தா. அவ போயி எத்தன வருசம், எனக்கே அவ்வளவு ஞாபகம் இல்ல.

போன தடவ நான் வந்தப்ப அம்மாவோட நானும் கீழ எறங்கினேன். பெரியம்மா வீட்டு இஸ்தோப்புல ஏழு பேர். தேத்தண்ணி, கருப்பட்டித் துண்டு. அம்மா போன நடுவுல, கவுத்து வச்ச கொழுந்துக் கூடை மேல வச்சாங்க. நான் போட்டு விட்டேன். சேர், நீங்க சொன்ன மாதிரியே. பேர் வர வர, "ம்". நெசமாவே "ம்". ஒரு அண்ணன் தொப்பியக் கழட்டிட்டாரு.

அம்மா நாலு தடவ திரும்பப் போட வச்சாங்க. அஞ்சாவது தடவ நான் போடல, அவங்களே சின்ன வெரலால தொட்டுப் போட்டாங்க.

இருட்டுல ஏறி வர்ற விசயத்துக்கு ஒரு ஒப்பந்தம்: ஆறு மணிக்கு மேல அங்க இருக்கக் கூடாது, அஞ்சாம் காம்பரா அண்ணனோட மகன் மேல டியூசனுக்கு வர்றப்ப அவனோட ஏறி வரணும். அதுக்கு அவனுக்கு மாசம் ஒரு டேட்டா காட். ரெண்டு கெழமையா ஒழுங்கா நடக்குது. அதுக்கு மேல நம்பிக்க இல்ல.

சீட்டு இன்னும் ஆரம்பிக்கல. ஆனா பட்டன் கதையச் சொன்னேன். அம்மா சிரிக்கல, யோசிச்சாங்க. இன்னைக்குக் காலையில அலுமாரியில இருந்து அப்பாவோட பழைய சேர்ட் ஒன்ன எடுத்து மடியில வச்சிருந்தாங்க. நான் ஒன்னும் கேக்கல.

அம்மா மொதல் மொதலா எனக்குப் பேசி அனுப்பினது போன வியாழக்கெழம. கடையில கணக்கு முடிக்கிற நேரம் வந்துச்சு. நாலு நிமிசம் பதினோரு செக்கன். மொத அரை நிமிசம் எனக்கு: சாப்டியா, கொட கொண்டு போனியா. அப்புறம் பூட்ட எடுக்கத் தெரியல போல. மிச்சம் மூணரை நிமிசமும் தகரத்துல மழை விழற சத்தம், கோழிய "பா... பா... பா"ன்னு கூப்புடறது, எங்கயோ தூரத்துல ஒரு பஸ் ஹோன். கடைசியில அடுப்பு ஊதுற சத்தம். காதுல ஹெட்செட்டப் போட்டு பஸ்ஸுல ரூமுக்குப் போற வரைக்கும் கேட்டுக்கிட்டே போனேன்.

இன்னைக்கு அந்தி ஒரு பிரச்சின கெளம்பியிருக்கு. அக்கா ரெண்டாவது அனுப்பினதுல ஆறாம் காம்பரா அத்தையக் கேக்க மறந்துட்டா. அத்தை "ஒலை கொதிக்குது"ன்னு எழும்பிப் போயிட்டாங்களாம். அம்மா வந்ததுல இருந்து இதயேதான் சொல்லிக்கிட்டு இருக்காங்க. குவைத்துல இப்ப மணி ஆறு ஆகல, வேலை முடிய எப்படியும் பத்தாகும். அது வரைக்கும் முழிச்சிருந்து அக்காவப் புடிச்சு, அத்தைக்குன்னு தனியா ஒன்னு பேசச் சொல்லணும்.